பார்க்க முடியாத சண்டையைப் படிக்க முடிவது ஏன்?

8 ஜூன் 2025, பட்டர்வொர்த் வாசகி ஒருவரின் கேள்வி

தொலைக்காட்சியில் குத்துச்சண்டை வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ஒருவர் முகத்தில் இன்னொருவர் குத்துவதை என்னால் பார்க்க முடியாது. ஆனால் அதே சண்டையைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாமல் கடைசி வரி வரை படித்துவிடுகிறேன். எழுத்து இரத்தத்தைக் கழுவிவிடுகிறதா, அல்லது நான்தான் என்னை ஏமாற்றிக்கொள்கிறேனா?

8 ஜூன் 2025, இரவு

பாலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்த இழப்பு எங்கள் வீட்டிலும் உண்டு. என் பதில் என் அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். 1975இல் முகமது அலி கோலாலம்பூருக்கு வந்து மெர்டேக்கா அரங்கத்தில் ஜோ பக்னருடன் மோதினார் அல்லவா, அந்தச் சண்டையை அப்பா எங்களுக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். விளக்குக் கம்பங்களின் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் தோளில் மின்னும் வியர்வை, பதினோராவது சுற்றில் அலியின் வலக்கை புறப்பட்ட விதம், பக்னர் அடியற்ற மரம்போல் சாய்ந்து மண்ணைக் கவ்வியது என ஒவ்வொன்றையும் அவர் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நடித்துக் காட்டுவார். நான் பின்னாளில் படித்த எந்தக் கட்டுரையும் அந்த வலக்கைக்கு ஈடாகவில்லை. ஆகவே என் கட்சி இதுதான்: குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்காக நடப்பதைவிட, பிறகு சொல்லக் கேட்பவர்களுக்காகவே அதிகம் நடக்கிறது. நீங்கள் சமையலறைக்குப் போவதில் தவறில்லை, கூடத்தில் இருப்பவர் வந்து சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

9 ஜூன் 2025

"மண்ணைக் கவ்வியது" என்று எழுதிவிட்டேன். குத்துச்சண்டை மேடையில் மண் கிடையாது, மரப்பலகையின் மேல் இழுத்துக் கட்டிய கித்தான்தான் உண்டு. மற்போர்க் களத்துச் சொல் மேடையேறிவிட்டது. இதைச் சுட்டிக்காட்டிய அன்பருக்கு நன்றி, ஆனால் "கித்தானைக் கவ்வினார்" என்று எழுத என் கை வராது.

10 ஜூன் 2025

அடுத்த திருத்தம் பெரியது. விளக்கு வெளிச்சம் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அந்தச் சண்டை கோலாலம்பூரில் காலை நேரத்தில் நடந்தது. இங்கே ஜூலை 1, அமெரிக்காவில் அப்போது ஜூன் 30 மாலை. அதனால்தான் சில புத்தகங்களில் ஒரு தேதியும் சிலவற்றில் மறு தேதியும் இருக்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியான நேரத்துக்கு நம் ஊர் வெயில் இணங்கிப் போனது. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுடன் அலி மோதியபோது உள்ளூர்க் கடிகாரத்தில் விடிகாலை ஏறத்தாழ நான்கு மணி. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் மோதியதும் முற்பகலில்தான். மூன்று ஊர் மக்களும் அமெரிக்காவின் மாலைப் பொழுதுக்காகத் தங்கள் தூக்கத்தையோ வேலையையோ விட்டார்கள்.

அப்படியானால் அப்பாவின் விளக்குக் கம்பங்கள்? வயதானால் பகல் இரவாகத் தெரியும்போலும் என்று நினைத்துச் சமாதானம் அடைந்தேன்.

11 ஜூன் 2025

சமாதானம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மெர்டேக்கா அரங்கச் சண்டையின் முடிவைச் சரிபார்க்கலாம் என்று நேற்றிரவு உட்கார்ந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் தன் அப்பாவின் கதையை அதுவரை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை என்பதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி. சண்டை பதினைந்து சுற்றும் முழுமையாக நடந்தது. நடுவர்கள் மூவரும் ஒருமனதாக அலிக்குப் புள்ளி கொடுத்தார்கள். பதினோராவது சுற்றிலும் சரி, வேறு எந்தச் சுற்றிலும் சரி, பக்னர் விழவே இல்லை. அது மட்டுமல்ல, அலியின் சண்டைகளில் சுவை குறைந்தவற்றுள் ஒன்றாகவே அது பேசப்படுகிறது. பக்னர் பெரும்பாலும் தற்காப்பிலேயே இருந்தார், அந்தப் புழுக்கத்தில் அலியும் கைகளை எண்ணி எண்ணித்தான் செலவழித்தார்.

கின்ஷாசாவுக்கும் மணிலாவுக்கும் நடுவில் நம் ஊர்ச் சண்டை இப்படி மாட்டிக்கொண்டது. முன்னதற்கும் பின்னதற்கும் நூல்கள் குவிந்திருக்க, நம்முடையதற்குப் புகைப்படங்களும் சில பத்திகளுமே மிஞ்சியிருக்கின்றன. எழுதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று பெரிய எழுத்தாளர்கள் நினைத்திருக்கலாம். செந்தூலில் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

முதல் நாள் நான் எழுதிய கட்சி இப்போது எனக்கே ஆட்டம் காண்கிறது. நடக்காத குத்து ஒன்றுதான் நான் கேட்டவற்றிலேயே மிகத் துலக்கமானது என்றால், துலக்கம் என்பது எதற்குச் சான்று? யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

14 ஜூன் 2025

யோசித்ததில் என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. 2018 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் மேனி பக்கியாவோவும் லூக்காஸ் மத்தீஸேவும் மோதினார்கள். அன்றிரவுதான் உலகக் கோப்பைக் காற்பந்து இறுதி ஆட்டம் என்பதால் அந்த நாளைப் பலர் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். நானும் என் மைத்துனரும் காலையிலேயே போய்விட்டோம். கட்டுப்படியாகிற விலையில் கிடைத்தவை மேல்தட்டு இருக்கைகள். அங்கிருந்து மேடை கேரம் பலகை அளவில் தெரிந்தது. ஆளைப் பார்ப்பதா, தொங்கும் பெரிய திரையைப் பார்ப்பதா என்று கண் ஊசலாடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சுற்றில் மத்தீஸே முதல்முறை விழுந்தபோது நான் நாசி லெமாக் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அரங்கம் இடிந்ததுபோல் ஓர் ஓசை. நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்வரிசைக்காரரின் முதுகு. ஐந்தாவது சுற்றில் அவர் ஒரு முழங்காலை ஊன்றியதைப் பார்த்தேன், ஆனால் எந்தக் குத்துக்காக ஊன்றினார் என்பது தெரியவில்லை. ஏழாவதில் மூன்றாம் முறை விழுந்தார், நடுவர் நிறுத்திவிட்டார். பக்கியாவோ 2009க்குப் பிறகு ஓர் எதிராளியை இப்படி முடித்தது அதுதான் முதல் தடவை என்று பக்கத்து இருக்கைப் பிலிப்பினோ இளைஞர் கண்ணீருடன் என் தோளை உலுக்கினார்.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரேக்குடன் செய்தித்தாளைப் பிரித்தபோதுதான் மூன்றாவது சுற்றை நான் கண்டேன். காசு கொடுத்து அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அந்த இடக்கையை முதன்முதலாகப் பார்த்தது அச்செழுத்தில்தான். எதிராளியின் இரண்டு கையுறைகளுக்கு நடுவே கீழிருந்து மேலாக அது ஏறியதை எழுதியவர் ஒரு முழு வாக்கியத்துக்கு நீட்டியிருந்தார். உண்மையில் அதற்கு ஆன நேரம் கண் இமைக்கும் பொழுதுகூட இருக்காது.

குத்துச்சண்டை எழுத்தின் ஈர்ப்பில் பெரும்பங்கு இந்த நேரக் கணக்கில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து இடைவெளி உண்டு, பார்ப்பவரே மனத்துக்குள் ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்ளலாம். குத்துச்சண்டையில் மூன்று நிமிடச் சுற்றில் நடப்பதைக் கண் பிடிக்கும் முன் அது முடிந்துவிடுகிறது. எழுதுபவர் அந்தக் கணத்தைப் பிரித்து, உலர்த்தி, நம் கையில் கொடுக்கிறார். மெதுவாக ஓட்டிக் காட்டும் காணொளியும் இதைச் செய்கிறதே என்று கேட்கலாம். அது குத்தை மெதுவாக்குகிறதே தவிர, குத்து வரப்போவதை அறிந்தும் விலக முடியாத ஒருவரின் உள்ளத்தை மெதுவாக்குவதில்லை.

15 ஜூன் 2025

நேற்று எழுதியதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து முடித்துவிட்டார் என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. புறநானூற்றில் 80 முதல் 85 வரை உள்ள ஆறு பாடல்களும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழனைப் பற்றியவை. அவன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றவன். அது குத்துச்சண்டை அன்று, மற்போர். ஆனாலும் இந்தப் பேச்சுக்கு உறவுதான்.

80ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றுகிறார், மற்றொரு காலை முதுகுப்புறம் வளைக்கிறார், பசியோடு மூங்கிலை முறிக்கும் யானையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இன்றைய செய்தியாளர் ஒருவர் இதைவிடத் துல்லியமாகப் பிடியை விவரித்துவிட முடியாது. 82ஆம் பாட்டு இன்னும் விந்தை. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒருவர் கட்டில் பின்னுகிறார். அவர் கையில் வார் கோத்த ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ அதைவிட விரைவாக முடிந்தது அந்தச் சண்டை என்கிறார் புலவர். சண்டையைப் பற்றிச் சொன்னது "விரைந்தது" என்ற ஒன்றை மட்டுமே. பாட்டின் பெரும்பகுதியை அந்தத் தொழிலாளியின் பதற்றமே எடுத்துக்கொள்கிறது. வேகத்தைச் சொல்ல வேகமான சொற்களை அடுக்கும் நம் விளையாட்டுப் பக்கங்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

85ஆம் பாட்டில் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு கூட்டம், இல்லை என்கிறது மறு கூட்டம். சொல்பவரோ சிலம்பு ஒலிக்க ஓடிப்போய் வீட்டருகே பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். சாத்தந்தையாருக்கு இதற்காக எந்த நாளிதழும் ஊதியம் கொடுத்திருக்காது.

16 ஜூன் 2025

85ஆம் பாட்டைச் சாத்தந்தையார் கணக்கில் சேர்ப்பதுபோல் முடித்துவிட்டேன். அதைப் பாடியவர் நக்கண்ணையார், அந்தச் சோழன்மேல் காதல் கொண்ட பெண்பாற் புலவர். 83, 84 இரண்டும் அவருடையவை. பக்கச் சார்பு இல்லாத செய்தியாளர் என்று அவரைச் சொல்ல முடியாதுதான். ஆயினும் ஆறு பாடல்களில் களத்தைப் பார்த்த இடத்தைக் கூடக் குறித்துச் சொன்னவர் அவர் ஒருவரே.

21 ஜூன் 2025

பட்டர்வொர்த் வாசகி மீண்டும் எழுதியிருக்கிறார். புறநானூறு வரை போனீர்களே, என் கேள்வியின் பிற்பாதிக்கு இன்னும் பதில் வரவில்லையே, எழுத்து இரத்தத்தைக் கழுவிவிடுகிறதா என்றுதானே கேட்டேன் என்கிறார். தட்டிக்கழித்தது உண்மை. அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லாததே காரணம்.

கின்ஷாசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனை அடிக்கவிட்டார். ஃபோர்மன் அடித்து அடித்துக் களைத்தார். எட்டாவது சுற்றில் அலி அவரை வீழ்த்தினார். இதைத் தந்திரம் என்று வியந்து எழுதாதவர் இல்லை, நானும் வியந்து படித்தவன்தான். அந்த ஏழு சுற்றுகளில் அலியின் விலாவும் கைகளும் தலையும் வாங்கியவற்றைக் கட்டுரைகள் தந்திரத்தின் விலையாக ஒரு வரியில் குறித்துவிட்டு நகர்ந்தன. 1984இல் அலிக்கு நடுக்குவாதம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 2016 ஜூன் 3 அன்று இறக்கும் வரை அந்த நோயோடுதான் வாழ்ந்தார். எந்தக் குத்து எதற்குக் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் அந்தக் கட்டுரைகளை இப்போது மறுபடி படிக்கும்போது, முன்பு இனித்த இடங்களில் பல் கூசுகிறது.

1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் தென்கொரியாவின் டுக் கூ கிம் பதினான்காவது சுற்றில் விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகுதான் பட்டச் சண்டைகள் பதினைந்திலிருந்து பன்னிரண்டு சுற்றாகக் குறையத் தொடங்கின. பதினைந்து சுற்றின் கடைசி மூன்றைத்தான் எழுத்தாளர்கள் காவியமாக்கி வந்தார்கள். மனித உடல் தாங்காது என்று விதி ஒத்துக்கொண்ட அந்த ஒன்பது நிமிடங்கள்தாம் அவர்களுக்கு மிக நல்ல பத்திகளைத் தந்தவை.

ஆகவே என் பதில்: ஆம், கழுவுகிறது. சில நேரங்களில் நன்றாகவே கழுவுகிறது. நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை, எழுதுபவர் உங்களை ஏமாற்றுகிறார். அவர் திறமைசாலியாக இருந்தால் தம்மையும் சேர்த்தே ஏமாற்றிக்கொள்கிறார்.

25 ஜூன் 2025

நான்கு நாட்களுக்கு முன் எழுதியது சற்றுக் கடுமையாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. கழுவாத எழுத்தும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

மணிலாச் சண்டையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். அவற்றில் ஒரு குத்துகூட எனக்குத் தனித்து நினைவில்லை. நினைவில் நிற்பது பதினான்காவது சுற்று முடிந்த பிறகு வந்த ஒரு நிமிடம். ஃபிரேசியர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முகம் வீங்கிக் கண் மூடிக்கிடக்கிறது. எழுந்து போகத் துடிக்கிறார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று முடிவு செய்து, பதினைந்தாவது சுற்றுக்கு அவரை அனுப்பாமல் நிறுத்திவிடுகிறார். அன்றைய நாளின் மிகப் பெரிய செயல் ஒரு குத்து அன்று, தோளில் வைத்து அழுத்திய ஒரு கை. இதை எழுதியவர்கள் எதையும் கழுவவில்லை. இந்த இடத்தைப் படிக்க நீங்கள் சமையலறையிலிருந்து வரலாம்.

ஒரு பழைய எடுத்துக்காட்டும் சொல்கிறேன். கையுறை இல்லாமல் வெறுங்கையால் மோதிய காலத்தில், 1821 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டு அருகே பில் நீட் என்பவரும் டாம் ஹிக்மன் என்பவரும் மோதியதைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் 1822இல் ஒரு கட்டுரை எழுதினார். குத்துச்சண்டை இலக்கியம் என்று பேசுவோர் தவறாமல் அங்கே போய் நிற்பார்கள். நானும் பெரிய எதிர்பார்ப்போடு போனேன். பக்கம் பக்கமாகப் பயணம்தான் வருகிறது. எந்த வண்டியில் இடம் கிடைத்தது, வழியில் யார் என்ன பேசினார்கள், சத்திரத்தில் இரவு எப்படிக் கழிந்தது என்று போய்க்கொண்டே இருக்கிறது. சண்டை வருவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, புக்கிட் ஜாலிலைப் பற்றி நான் இங்கே எழுதியதைத் திரும்பிப் பார்த்தேன். நாசி லெமாக், மைத்துனர், முன்வரிசைக்காரரின் முதுகு. நானும் அதையேதான் செய்திருக்கிறேன், ஹாஸ்லிட்டின் திறமை இல்லாமல்.

1 ஜூலை 2025

இன்றோடு அந்த மெர்டேக்கா அரங்கச் சண்டைக்கு ஐம்பது ஆண்டு. காலையில் அந்தப் பக்கம் போயிருந்தேன். 1957இல் விடுதலை அறிவிக்கப்பட்ட அரங்கம், இப்போது மெர்டேக்கா 118 கோபுரத்தின் காலடியில் சிறு தட்டுபோல் கிடக்கிறது. கூட்டம் ஒன்றும் இல்லை. வாயிற்காவலரிடம் அலி என்றேன், எந்த அலி என்றார்.

திரும்பி வரும்போது நாட்காட்டியைப் பார்த்தேன். இன்று செவ்வாய்க்கிழமை. விரல்விட்டுக் கணக்குப் போட்டால் 1975 ஜூலை 1ஆம் தேதியும் செவ்வாய்க்கிழமைதான். வேலை நாள், காலை நேரம். அப்பா பட்டறையில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்பது எங்கள் குடும்பத்தின் இன்னொரு காவியம். இரண்டு காவியங்களும் ஒரே காலையில் உண்மையாக இருக்க முடியாது.

சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருக்கு எண்பத்தொன்று வயது, காது சற்று மந்தம், நினைவு கத்தி போன்றது. "உங்கப்பாவா? அவர் எங்கேயப்பா போனார்? அன்றைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுத்துக்கொண்டு போனவர் அவர் கூட்டாளி. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அண்ணன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னார்" என்றார். கூட்டாளி சொன்னதில் பக்னர் விழுந்தாரா என்று கேட்டேன். அது தமக்குத் தெரியாது, ஆனால் அண்ணன் சொன்னபோது விழுந்தார் என்றார்.

80ஆம் பாட்டில் நான் அன்று சொல்லாமல் விட்ட ஓர் அடி உண்டு. மகன் மல்லனைச் சாய்த்த காட்சியை அவனுடைய தந்தை தித்தன் காணட்டும் என்று புலவர் ஏங்குகிறார். தந்தைக்கும் மகனுக்கும் பகை, ஆகவே தந்தை அங்கே இல்லை என்கின்றன உரைகள். வராத ஒருவருக்காகவே அந்தப் பாட்டு பிடியையும் காலையும் யானையையும் அவ்வளவு கவனமாக வைக்கிறது. செந்தூலில் தந்தைதான் களத்துக்குப் போகாதவர். போகாதவரே எழுந்து நின்று துண்டைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குக் காட்டினார். விளக்குக் கம்பங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் இப்போது புரிகிறது. அவர் அதைச் சொன்னது எப்போதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசல் விளக்கின் கீழே.

அப்பாவைப் பொய்யர் என்று யாரும் எழுத வேண்டாம். எழுதினாலும் நான் பதில் சொல்லமாட்டேன்.

6 ஜூலை 2025

பலர் கேட்டதால் ஒரு சிறு குறிப்பு. உண்மையில் நடந்த பதினைந்து சுற்றுகளையும் அப்பாவின் பாணியில் எழுதிப் பார்த்தேன். நான்காவது சுற்றிலேயே எனக்குக் கொட்டாவி வந்தது. பக்னர் கையுறைகளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டே இருக்கிறார், வெயில் ஏறுகிறது, அலி இடக்கையை நீட்டி மடக்குகிறார். சாத்தந்தையார் வந்தாலும் கட்டில் பின்னுபவரை இங்கே கூப்பிட முடியாது, அவர் பத்துக் கட்டில் பின்னி முடித்திருப்பார். பதினோராவது சுற்றை எட்டியதும் கை தானாகவே பக்னரைத் தள்ளிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆயினும் அந்தச் சுற்று எண்ணையாவது உறுதிசெய்யலாம் என்று குடும்பத்தில் விசாரித்தேன். எனக்குப் பதினொன்று என்றுதான் நினைவு. சித்தப்பா ஒன்பது என்கிறார். சிரம்பானில் இருக்கும் அக்காவோ இருவருமே தவறு, பக்னர் இரண்டு முறை விழுந்தார், இரண்டாம் முறை கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார் என்று அடித்துச் சொல்கிறார்.